யாருக்காக முன்னிலையாகிறீர்கள்

புதுக்கடையில் அன்று எனக்கொரு பிரிவினை வழக்கு.
கொட்டாஞ்சேனையில் பதினொரு பேர்ச் காணி,
மூன்று சகோதரர், ஒரு பொதுக் கிணறு.
நில அளவையாளர் வரவில்லை. திகதி போட்டார்கள்.
கோப்பைக் கட்டிக்கொண்டு எழும்பிய நேரம்
அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.
விவாகரத்து.

வழக்காளிக்கு ஒருவர் எழுந்தார்.
எதிராளிக்கு இருவர்.
நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
பிள்ளைக்கு யார்?

முதலியார் வழக்கேட்டைப் புரட்டினார்,
பதில் அதற்குள் எங்கோ கிடப்பதுபோல.
நான் நின்றுகொண்டிருந்தேன், வெளியே போவதற்காக.
நின்றவள் அகப்பட்டேன்.

தனியறை கிடைக்கவில்லை.
பழைய ஏடுகள் கூரை தொட அடுக்கிய மூலையில்
இரண்டு கதிரை. ஒன்றுக்கு முதுகில்லை.
தினுகி. பத்து வயது. வெள்ளைச் சீருடை,
இடது காலுறையில் நீல மை.
பழக்கத்தில் புறொக்சித் தாளை எடுத்துவிட்டேன்.
கையொப்பமிட அவளுக்கு வயது காணாது.
காசு தராத, கையெழுத்து வைக்காத,
வழக்கே தொடுக்காத கட்சிக்காரி.

“அன்ரி, நீங்க அம்மான்ர லோயரா,
தாத்தின்ர லோயரா?”
தாத்தி என்றதைப் பாட்டனார் என்று குறித்து
பிறகு வெட்டினேன். சிங்களத் தகப்பன்,
வெள்ளவத்தைத் தாய்.
“நான் உங்கட லோயர்” என்றேன்.
முகம் கறுத்துப் போனது.
“நான் ஒண்டும் செய்யேல்லையே.”

பிறகு சொன்னாள்.
அம்மாவுக்குக் கோபம் வந்தால் சிங்களம் உடையும்.
தாத்தியின் தமிழ் பத்துச் சொல்லோடு நிற்கும்.
நடுவில் இவள், சமையலறைக்கும் ஹோலுக்கும்,
இந்தப் பாஷையை அந்தப் பாஷையாக்கி.
“கூடாத சொல் வந்தா மாத்திப்போடுவன்.
‘பசிக்குதாம்’ எண்டு சொல்லுவன்.”
ஒருநாள் அம்மா உண்மையாகவே சோறு போட்டாவாம்.
தாத்தி சாப்பிட்டாராம்,
ஏனென்று தெரியாமலே.

யாரோடு இருக்க விருப்பம் என்று நான் கேட்கவில்லை.
நன்னடத்தை அலுவலர் கேட்டுவிட்டார்,
வகுப்பு மிஸ் கேட்டுவிட்டா,
லிஃப்டில் மூன்றாம் மாடிக்காரர்கூட
பால் பக்கற்றோடு கேட்டிருக்கிறார்.
உள்ளே போய் என்ன சொல்லட்டும் என்றேன்.

விரல் மடித்தாள்.
புதன்கிழமை நீச்சலை மாற்றக்கூடாது.
கணிதப் புத்தகம் இரண்டு வேண்டும்,
வீட்டுக்கொன்று.
நான் கதைக்கும்போது போனை ஸ்பீக்கரில் போடக்கூடாது.
நாலாம் விரலில் கொஞ்ச நேரம் நின்றாள்.
“இனி நான் மொழிபெயர்க்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ.”
ஐந்தாவதாக ஒன்று சொல்லி,
இது உங்களுக்கு மட்டும் என்றாள்.
அது எனக்கு மட்டும்.

திரும்ப உள்ளே.
“யாருக்காக முன்னிலையாகிறீர்கள்?”
ஏட்டில் இரண்டு வரி. வழக்காளி. எதிராளி.
முதலியாரின் பேனை கொஞ்சம் அந்தரத்தில் நின்று
ஓரத்து வெள்ளையில் இறங்கியது, சரிவாக,
பத்து வயதுக்குப் போதுமான இடத்தில்.
நாலையும் சொன்னேன். புதன்கிழமைக்கு
இரண்டு பக்கமும் தலையாட்டினார்கள்.
மொழிபெயர்ப்புக்கு யாரும் ஆட்டவில்லை;
நீதிபதி மட்டும் எதையோ எழுதினார், நெடுநேரம்.

அதற்குள் எதிராளியின் மூத்த சட்டத்தரணி எழும்பி
தாயைப் பற்றி ஒரு சொல் சொன்னார்.
முதலியார் மனச்சாட்சி உள்ள மனுசன்,
முப்பது வருச சேவை.
அதை அப்படியே தமிழில் போட்டார்,
முழுசாக, ஓர் எழுத்துக் குறையாமல்.

பின் வாங்கிலிருந்து தினுகி
அவரை ஏற இறங்கப் பார்த்தாள்,
வேலை தெரியாத ஒருவரைப்
பார்ப்பதுபோல.