டுரியான் ஏற்றக் கூடாது

பத்து மணிக்குச் சாவி. ஒரு மணிக்குத் திருப்பித் தர வேண்டும்.
பாயான் லெப்பாஸ் காட்சியறையில்
மூன்று இடங்களில் கையெழுத்து வாங்கினான் ஷர்வின்.
புகைக்கக் கூடாது, நாய் கூடாது,
டுரியான் கூடவே கூடாது.
சாவி என்றா சொன்னேன்? கூழாங்கல் மாதிரி ஒன்று.
பையில் கிடந்தாலே போதும்,
கதவு நம்மை நம்பிவிடும்.

ஞாயிறு இதழில் கால் பக்கம் எனக்கு.
வேகம், சொகுசு, பாதுகாப்பு,
கட்டத்துக்கு ஐந்து மதிப்பெண்.
படம் எடுக்க வந்த மகேந்திரன்
நாசி லெமாக்கை வெளியே நின்றே முடித்து
சட்டையில் இருமுறை கை துடைத்தபின் ஏறினான்.

நூறைத் தொட ஆறரை வினாடி என்கிறது கையேடு.
இந்தத் தீவில் ஆறரை வினாடி
காலியாய்க் கிடக்கும் சாலை எங்கே?
விமான நிலையம் தாண்டி ஒரு பச்சை விளக்கில்
ஒரே ஒரு முறை அழுத்தினேன்.
முதுகு இருக்கைக்குள் போயிற்று,
வயிறு விளக்கடியிலேயே நின்றுவிட்டது.
அடுத்த சிவப்பில்
நாங்கள் முந்திய அதே பள்ளி வேன்
பக்கத்தில் வந்து நின்றது.
"நாலு போடு" என்றேன்.

தெலுக் கும்பார் தாண்டி மலை ஏறும்போது மழை.
இடுப்பைப் பிடித்துவிட ஒரு பொத்தான்,
தொடைக்கு ஒன்று.
வளைவுகளில் இரண்டு டன் எடை
தாய்ப்பூனை குட்டியைக் கவ்வுவதுபோல்
என்னைக் கவ்விக்கொண்டு திரும்பியது.
கண்ணாடி இரட்டை அடுக்கு.
ஏற்றியதும் தீவு வாயை மூடிக்கொண்டது.
மழை ஊமைப்படமாய் ஓடியது.
"சொகுசு ஐந்து. தயங்காமல் எழுது."
பேனா காகிதத்தில் உரசுவதுகூடக் கேட்டது.

உள்விளக்குக்கு அறுபத்து நான்கு நிறம்.
ஊதாவுக்கும் கத்தரிப்பூவுக்கும் நடுவில்
ஏதோ ஒன்றைத் திரையில் தேடிக்கொண்டிருந்தேன்.

காடி தானாக நின்றது.

வார் நெஞ்சில் அறைந்தது.
முன்னால் ஒரு சாண் இடைவெளியில்
சாய்ந்து கிடந்தது ஒரு கப்சாய்,
பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டு.
குளிர்சட்டையை முன்பின்னாய்ப் போட்டிருந்தவர்
எழுந்து உட்கார்ந்தார். வாய் அசைந்தது.
கண்ணாடியை இறக்கினேன்.
சிள்வண்டு, ஓடை, மழை, எல்லாம் ஒன்றாக உள்ளே விழுந்தன,
கடைசியில் அவர் குரல்:
"ஹோன் அடித்தேன்" என்றார் மலாயில்,
"மூன்று முறை."

அவரைப் பார்த்தது காடி.
நான் கத்தரிப்பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடையிலிருந்து உருண்டவை பதினொன்று,
இரண்டு வெடித்துவிட்டன.
சாக்கடையில் இறங்கிப் பொறுக்கினோம்.
முள் குத்தியதற்கு மகேந்திரன் கெட்ட வார்த்தை சொல்லி,
உடனே அவரிடம் மன்னிப்புக் கேட்டான்.
அவர் மணிக்கட்டு வீங்கிக்கொண்டே வந்தது.
பெயர் ரொஸ்லி. காடிக்குள் ஏற மாட்டேன் என்றார்,
"கால் முழுக்கச் சேறு."
மகேந்திரன் கப்சாயை ஓட்ட, அவர் பின்னால் உட்கார,
பாலிக் பூலாவ் கிளினிக் வரை
நான் பின்தொடர்ந்தேன்.

பக்கத்து இருக்கையில் கூடை.
நகர்ந்ததும் காடி அலறத் தொடங்கியது:
பயணி பெல்ட் போடவில்லையாம்.
ஓரமாய் நிறுத்தி
பதினொரு டுரியானுக்கும் சேர்த்து வார் மாட்டினேன்.
அமைதியாயிற்று.
அவ்வளவு அக்கறை.
நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு,
மழை தோல் இருக்கையை நனைக்க,
முன்னால் போகும் கப்சாயின் இருமலைக்
கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

இரண்டே காலுக்கு ஷர்வின் கதவைத் திறந்தான்.
ஒன்றும் கேட்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு
பாரத்தை எடுத்து வந்தான். முந்நூறு ரிங்கிட்.
"மதிப்பெண் எப்படி, அக்கா?"
சொகுசில் ஐந்தை அடித்திருந்தேன்,
பேனா காகிதத்தைக் கிழித்திருந்தது.
பாதுகாப்புக் கட்டம் காலியாகவே இருந்தது.
யாருக்கு என்று கேட்க அதில் இடம் விடவில்லை.

என் பழைய கஞ்சிலின் கண்ணாடி
போன தீபாவளியிலிருந்து மேலே ஏறுவதில்லை.
பாயான் பாரு நெரிசலில் வீடு போகும்வரை
ஒவ்வொரு ஹோனுக்கும் திரும்பிப் பார்த்தேன்,
எனக்கு அடிக்காததற்கும்.