குறிப்பில் சேராதவை

முப்பத்தொன்றாம் மாடி. கீழே
உறைந்துபோன டெட்ராய்ட் ஆறு. அக்கரையில் கனடா,
தனக்கென்ன என்பதுபோல் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறது.
மேசை நடுவில் ஐந்து பொம்மைக் கார்கள்.
பக்கத்தில், ஹம்ட்ராமிக்கில் வரிசையில் நின்று
நான் வாங்கிவந்த பொங்ச்கிப் பெட்டி.
பன்னிரண்டில் ஒன்பது தீர்ந்துவிட்டது.
கார்கள் இன்னும் ஐந்துதான்.

நான் ஜனினா. கூட்டக் குறிப்பு எழுதுபவள்.
யார் என்ன சொன்னார் என்பது என் வேலை.
எப்படிச் சொன்னார் என்பது அதில் சேராது.

பைசனில் கை வைக்காதீர்கள் என்றார் டிபெட்ஸ்.
தொழுவத்தில் பால் கறக்கிற ஒரே மாடு.
சரி. மாட்டை யாரும் தொடவில்லை.

ஆல்டன்?
வாங்குகிறவரின் சராசரி வயது எழுபத்திரண்டு.
இனிமேல் சவ ஊர்திக்காரர்களிடம்தான் விற்கவேண்டும்
என்றான் நியூயார்க் வங்கிக்காரன்.
இப்போதே அவர்களிடம்தான் விற்கிறோம் என்றாள் லெனோரா, சிரிக்காமல்.
ஏழில் ஒன்று சவ ஊர்தி.
சாவுக்கு மந்தநிலை கிடையாது.
ஆல்டன் அப்படித்தான் பிழைத்தது.

லூமா செல்லப்பிள்ளை. பத்தொன்பது வருடத்தில்
ஒரு காலாண்டுகூட லாபம் காட்டியதில்லை.
ஆனால் லூமாக்காரர்கள் சாலையில்
எதிரே இன்னொரு லூமாவைக் கண்டால் கையசைப்பார்கள்.
லெனோரா அதைத்தான் சொன்னாள், கொஞ்சம் குரல் உடைந்து.
வங்கிக்காரன் கணக்குத் தாளைத் திருப்பிக் காட்டினான்:
"கையசைப்பை எந்தக் கட்டத்தில் போடுவது?"

வெல்மாரை ஐரோப்பாவில் கடன்பட்டு வாங்கினோம்,
வாங்கிய மறுநாளிலிருந்து விற்கப் பார்க்கிறோம்.
ஷாங்காயிலிருந்து ஒருவர் வந்தார்.
கதவைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்து மூடினார்.
சத்தம் நன்றாயிருக்கிறது என்றார்.
போனவர் போனவர்தான்.

மிச்சம் கெஸ்ட்ரல்.

டிபெட்ஸின் முதல் முத்தம் அதில்தான்.
கேட்காமலே சொன்னார். அவருக்கு அறுபத்தொன்று,
சொல்லும்போது காது சிவந்தது.
கெஸ்ட்ரல் போனால் ஒஹாயோ ஆலை போகும்,
ஆயிரத்து நானூற்றுப் பதினெட்டுப் பேர்.
அந்த எண்ணை ஒரே ஒரு தடவைதான் சொன்னார்கள்.
அதன்பிறகு எல்லார் வாயிலும் அது "உபரித் திறன்".
ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டும்;
அளந்துகொண்டிருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு வாக்கு நாலுக்கு நாலு.

அதுவரை வாய் திறக்காமல் இருந்தவன்
வாஷிங்டனிலிருந்து அனுப்பிய பையன்,
கழுத்துப்பட்டையில் சர்க்கரைத் தூள்.
நாற்காலியை என் பக்கம் திருப்பினான்.
"நீங்கள் எதை ஓட்டுகிறீர்கள்?"

இருபத்திரண்டு வருடமாக யாரும் கேட்டதில்லை.
மற்றவர் தயாரிப்புக்கு நம் வளாகத்தில் இடமில்லை,
அதனால் மூன்று தெரு தள்ளி
மீன்கடைப் பின்புறம் நிறுத்துகிறேன்.
அதற்கு முன்னால் என்னிடமும் கெஸ்ட்ரல் இருந்தது.
ஒரு ஜனவரியில், எழுபத்தைந்தாம் நெடுஞ்சாலையில்,
பின்னிருக்கையில் மகன் காய்ச்சலில் முனக,
நின்றுபோனது. நாலாவது தடவை.
இத்தனையையும் சொல்லியிருக்கலாம்.

"ஜப்பான் கார்" என்றேன்.

வெந்நீர்க்குழாய் சுவருக்குள் கடகடத்தது.
டிபெட்ஸ் பொங்ச்கிப் பெட்டியை மெதுவாக மூடினார்,
பிள்ளைகளுக்கு எட்டாமல் வைப்பதுபோல்.
நான் எழுதினேன்: 9.12, இடைவேளை.

திரும்பிவந்து மறுவாக்கு. ஐந்துக்கு மூன்று.
கை மாறியது யாருடையது என்று பார்க்கவில்லை,
தலையைக் குனிந்து தேதியை அழித்து
அதே தேதியைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன்.
யாரோ அந்தச் சின்னச் சிவப்புக் காரை எடுத்தார்கள்.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்கள்.

மூன்று தெரு. முழங்கால் பனி.
சாவியைத் திருகினேன்.
முதல் திருகலிலேயே எழுந்துகொண்டது.

இன்றைக்காவது ஒரு தடவை
இருமியிருக்கலாம்.