செவ்வாயா வியாழனா

மட்டக்குளிக் களஞ்சியத்தில்
திரும்பி வந்த போத்தல்கள் கூரைவரை நிற்கின்றன.
விளாம்பழப் பானம், தொகுதி இலக்கம் நானூற்றுப் பதினேழு.
போனவை பதினோராயிரத்து நானூறு.
வந்தவை பதினோராயிரத்து முந்நூற்று அறுபத்திரண்டு.

முப்பத்தெட்டு எங்கே என்று நான் கேட்கவில்லை.
காப்புறுதிக்கு அது ஒரு கழித்தல்.
வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ
யாரோ ஒருவரின் தொண்டையைக்
கண்ணாடித் துணுக்கு கடந்து போயிருக்கலாம்,
போகாமலும் இருக்கலாம்.

ஒப்பந்தம் எதற்கெல்லாம் பணம் தரும் தெரியுமா:
லொறி வாடகை, மூன்று மொழியில் பத்திரிகை அறிவித்தல்,
ஆய்வுகூடச் செலவு, புதைக்க ஒரு குழி,
கெட்டுப்போன பெயரைக் கழுவ
ஆலோசகர் ஒருவருக்கு நாட்சம்பளம்.
ஒன்பதாம் பிரிவு மட்டும் குறுக்கே படுத்திருக்கிறது:
அறிந்த பின்னும் அனுப்பியிருந்தால்
ஒரு சதமும் இல்லை.

அறிந்த நாள் வியாழன் என்கிறார் முகாமையாளர் கிருபைராஜா.
மின்னஞ்சல் இருக்கிறது. நேரம்கூட இருக்கிறது, மாலை 4.12.
குளிரூட்டி ஓடும் அறையில் வியர்க்கிறார்.

மூடி இறுக்கும் வரிசையில் நின்றவள் மிஸ்ரியா.
உடைந்த கழுத்தை எப்போது கண்டாள் என்று கேட்டேன்.
கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள்.
"செவ்வாய்க்கிழம. லுஹருக்கு முன்ன.
சுப்பவைசரிட்ட சொன்னேன்.
ஒண்டு ரெண்டு அப்பிடித்தான் ஈக்கும், ஓட்டு எண்டார்."

ஓட்டினார்கள். புதன் காலை லொறி புறப்பட்டது.

வாய்ச்சொல் அறிவாகுமா?
மேற்பார்வையாளரின் காது கொம்பனியின் காதா?
யூனியன் பிளேசில் எங்கள் வழக்கறிஞர்கள்
இதற்கு நாற்பது பக்கம் எழுதுவார்கள்.
அதற்குள் இங்கே அறுபத்தாறு பேருக்குச்
சம்பளத் திகதி வந்துவிடும்.
அவளுக்கும்.

இதை நான் அவளுக்குச் சொல்லியிருக்கக் கூடாது.
சொன்னேன்.

வெளியே ஆற்றுக் காற்று. புளித்த விளாம்பழ வாசம்
சட்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.
நேற்றே எண்ணி முடித்த போத்தல்களை
யாரோ இன்னொரு முறை எண்ணுகிறார்கள்.

"முப்பத்தெட்டு வரல்ல என்ன சேர்," என்றாள்.
"எங்கட ஒழுங்கைக் கடையிலயும் அத விக்கிற.
செவ்வாய்தான். எழுதுங்க."

படிவத்தில் அந்தக் கட்டம் மிகச் சிறியது.
செவ் உள்ளே அடங்கியது.
வாய்
கோட்டுக்கு வெளியே விழுந்தது.