ஏழாவது முனை

ஓபர்ஃபால்ஸில் மணமுறிவு என்றால்
வீட்டைப் பிரிப்பார்கள், காரைப் பிரிப்பார்கள்,
கொப்பரையை மட்டும் பிரிக்க முடியாது.
அது ஊருக்குச் சொந்தம்.

அப்படித்தான் நவம்பர் செவ்வாயொன்றில்
ரோஸ்விதாவும் எங்கல்பெர்ட்டும்
நீதிமன்றத்துக்குப் பின் முதன்முறையாக
ஒரே அடுப்புக்கு விறகு தள்ளினார்கள்.
அவள் இடப்பக்கம். அவன் வலப்பக்கம்.
நடுவே இரண்டாயிரம் லிட்டர் பார்லிச் சாறு
விடாமல் பேசிக்கொண்டிருந்தது.

"ஹாப்ஸ்?" என்றான்.
"போட்டாச்சு" என்றாள்.
அன்றைய உரையாடல் அவ்வளவுதான்.

கூரைக்கடியில் அகன்ற தட்டில்
இரவெல்லாம் ஆறியதை
விடியலில் அளந்து
டிராக்டர் தொட்டியில் ஏற்றி
சர்ச் தெருவுக்குப் பாதி, ஆற்றோரத்துக்குப் பாதி.
ஒரு சொட்டு கூடினால் குறைந்தால்
வக்கீல் கடிதம் வரும் என்றார்
கொப்பரைக்காரர், சிரிக்காமல்.

பிறகு நிலவறை.
பிறகு காத்திருப்பு.

ஜனவரியில் அவள் வாசலில்
நீண்ட கழியில் நட்சத்திரம் தொங்கியது.
ஒரு முக்கோணம்: நெருப்பு, நீர், காற்று.
மறு முக்கோணம்: நீர், மால்ட், ஹாப்ஸ்.
(நீர் இருமுறை வருவதை
இந்த ஊரில் யாரும் குறை சொன்னதில்லை.)
நட்சத்திரம் வெளியே வந்துவிட்டால்
வீட்டுக் கூடமே கடை.
ஜன்னல் விளிம்பில்கூட ஆள்.

லாரி ஓட்டும் ஒட்மார் உட்கார்ந்தால்
பாதி ஜெர்மனி கூடவே உட்காரும்.
"பாம்பெர்க்கில் ஒன்று குடித்தேன்,
தீப்பிடித்த வீட்டுக்குள் ரொட்டி தின்ற மாதிரி.
மூன்றாம் கோப்பையில் அந்த வீடே பிடித்துப்போனது.
கோஸ்லரில் உப்பும் கொத்தமல்லியும் போடுகிறார்கள்,
காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கொடுக்கலாம்.
கொலோனில் மருந்துக் குப்பி அளவு கண்ணாடி;
அட்டையை எடுத்து நீ மூடும்வரை
வைத்துக்கொண்டே போவான்,
போதும் என்று சொல்ல அங்கே வாய் உதவாது.
ட்யூசல்டார்ஃபில் கருஞ்சிவப்பு.
கொலோன் பேரை எடுத்தேன்,
பில்லோடு ஒரு முறைப்பும் வந்தது.
பெர்லின் புளிப்புக்கு ஒரு கண் தானாக மூடும்.
நோன்புக்கென்று துறவிகள் காய்ச்சிய டோப்பல்பொக் இருக்கிறதே,
இரண்டு குடித்தால்
எதற்காக நோன்பு என்பதே மறந்துவிடும்."

"சரி, இது?" என்றது ஒரு குரல்.

ரோஸ்விதாவின் கோப்பையை விளக்கருகே பிடித்தான்.
கலங்கல். தேன்நிறம். ஈரத் தவிட்டு மணம்.
முடிவில் சின்னதாக ஒரு கசப்பு,
வாசலில் தயங்கும் விருந்தாளி போல.
"அடுத்த வாரம் அங்கேயும் குடித்துவிட்டுச் சொல்கிறேன்."

கூடம் ஒரு கணம் வாயடைத்தது.
பன்றிக்கறித் தட்டை
அவள் தேவைக்கு மேல் அழுத்தி வைத்தாள்.

அங்கே?
அதே பார்லி, அதே தண்ணீர்,
அதே இரவில் ஆறிய அதே சாறு.
ஆனால் எங்கல்பெர்ட்டின் பியரில்
ஆப்பிள் தோல் வாசம். துணிந்த கசப்பு.
பின்னால் எங்கோ ஈரக் கல்.

எப்படி என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறார்கள்.
நட்சத்திரத்துக்கு ஆறு முனை.
அதை முதலில் வரைந்தவனுக்கு
ஈஸ்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாது.
நிலவறை இருட்டில்
கூலி கேட்காமல், சொல்பேச்சும் கேட்காமல்
வேலை பார்க்கும் அதற்கு
இன்றுவரை முனை கிடையாது.

வெள்ளி இரவு எல்லோரும் போன பின்
ஒட்மார் ஒரு கற்சாடியை நீட்டினான்.
"என் தங்கைக்கு."

ஒட்மாருக்குத் தங்கை இல்லை.

நீலப்பூச் சாடி. ஒட்டவைத்த கைப்பிடி.
ஒட்டியவன் எங்கல்பெர்ட்தான்.
பாகப் பட்டியலின் மூன்றாம் பக்கத்தில்
"சாடி, ஒன்று, பழுதானது" என்று
அவள் பெயருக்குப் போனது.

ஒன்றும் கேட்கவில்லை.
பீப்பாயருகே குனிந்து ஊற்றினான்.
நுரை விளிம்பைத் தொட்டது.
அடங்கக் காத்திருந்தான்.
மறுபடி ஊற்றினான். காத்திருந்தான்.

லாரிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே
"மெதுவா" என்றான் ஒட்மார்,
"தங்கைக்கு அவசரமில்லை."