பதினொன்றாம் பீப்பாய்

நான் குடிக்க வரவில்லை.
அதைச் சொல்லிக்கொண்டுதான் கதவைத் தட்டினேன்.
பிப்ரவரி. ஹாப்சாலுவில் கடல் இறுகிக் கிடந்தது.
அதன்மேல் ஒரு வேன் தீவுக்குப் போய்க்கொண்டிருந்தது,
தரையில் போவதுபோலவே.

முன்பு மீன் புகைபோட்ட கொட்டகை.
இப்போது ஐலியும் ராய்டோவும் அதில் கறுப்பு பீர் காய்ச்சுகிறார்கள்.
சுவருக்குள் இன்னும் மீன் இருக்கிறது,
மழை நாளில் தெரியும், என்றாள் ஐலி.
நான் குறித்துக்கொள்ளவில்லை.
கலால் துறைப் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

பதினான்கு பீப்பாய்கள்.
எல்லாம் வேறொரு கடலோரத்தில் ரம் குடித்து வளர்ந்தவை.
ஒவ்வொன்றிலும் அளவுகோலை இறக்கினேன்.
ஒவ்வொன்றிலும் பதின்மூன்று லிட்டர் குறைவு:
மரம் குடித்தது, காற்று குடித்தது,
இரண்டுக்கும் சட்டமே பங்கு ஒதுக்கியிருக்கிறது.
பதினொன்றில் மட்டும் பத்தொன்பது.

ஆறு லிட்டர் எங்கே?

"அது கொஞ்சம் தாகக்காரப் பீப்பாய்."
அதன் வரி எண்ணைக் கேட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
நான் வேடிக்கை பேசினேன் என்று
இந்த முகத்தைப் பார்த்து யாருக்குத் தெரியும்?

ராய்டோ மூலையில் உட்கார்ந்து நாரத்தைத் தோல் சீவிக்கொண்டிருந்தான்.
கத்தி நிறத்தோடு நின்றுவிடுகிறது,
உள்ளே இருக்கும் வெள்ளையைத் தொடுவதில்லை.
"தொட்டால் தொட்டி முழுக்கக் கசக்கும்.
கசக்கத்தான் கொக்கோ இருக்கிறதே,
ஒரு வேலைக்கு எதற்கு இரண்டு ஆள்?"
அன்று அவன் பேசியது அவ்வளவுதான்.
அவன் காதுகள் சிவந்திருந்தன.
குளிர் என்று நினைத்தேன்.

பிறகு ஆணியைப் பார்த்தேன்.
பீப்பாயின் முகத்தில், தொப்புள் உயரத்தில்,
பளபளவென்று ஒற்றை ஆணி.
பிடுங்கினால் நூலாக ஒழுகும்.
செருகினால் நிற்கும்.

"வெள்ளிக்கிழமைதோறும் ருசி பார்ப்போம். நூறு மில்லி.
இரண்டு பேருக்கும் ஒரே கோப்பை."
ஊற்றி அறுபது வெள்ளிகள் ஆகியிருந்தன.
ஆறு லிட்டர், சொட்டுப் பிசகாமல்.
கணக்கு இவ்வளவு நேராக வந்தால்
எங்கள் அலுவலகத்தில் சந்தேகப்படுவோம்.

ஏன் பதினொன்றில் மட்டும் என்று கேட்டேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.
அதற்கு மிகவும் சிரமப்பட்டார்கள்.

"அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான்," என்றாள்.

அடுப்பின் முன்னால் இரண்டு முக்காலிகள்.
இரண்டுக்கும் நடுவே ஒரு கைப்பிடி இடைவெளி,
அங்கே தரையில் ஒரே ஒரு கோப்பையின்
கறுப்பு வட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.
என் வேலை எண்ணுவது.
எண்ணாமல் திரும்பிக்கொண்டேன்.

விதிப்படி மாதிரியை நானே எடுக்கவேண்டும்.
ஆணியைப் பிடுங்கினேன்.
எந்தப் பக்கம் பாயும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.
கோப்பையைத் தாண்டி என் வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் பாய்ந்தது,
தார் மாதிரி, கொஞ்சம் நுரையோடு.
ஐலி ஓடிவந்து விரலால் அடைத்தாள்.
அப்போதுதான் சிரித்தாள்.
ராய்டோவும், நாரத்தையைக் கீழே போட்டுவிட்டு.

படிவத்தில் ஐந்து கட்டங்கள்:
கசிவு, உடைப்பு, திருட்டு, ஆவி, மாதிரி.
அறுபது வெள்ளிகளையும் 'மாதிரி' என்றே எழுதினேன்.
கையெழுத்து போடும்போது கை நடுங்கவில்லை,
அது எனக்கே வியப்பு.

என் கைமடிப்பில் ஒரு நாற்பது மில்லி இருக்கும்.
கசிவு இல்லை. உடைப்பு இல்லை.
திருட்டு என்றால் திருடன் யார்?
அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

தாலினுக்குப் போகும் கடைசிப் பேருந்து.
இருக்கைக்கு அடியில் ஹீட்டர் உறுமியது.
சட்டை காயக் காய
முதலில் நாரத்தை எழுந்தது,
பாதி வழியில் சாக்லேட்,
ஊர் விளக்குகள் தெரியத் தொடங்கியபோது
எங்கோ மரம் கருகிய வாசனை.

பக்கத்து இருக்கைச் சிறுவன் வெகுநேரம் என்னையே பார்த்திருந்துவிட்டு,
மிட்டாய் வைத்திருக்கிறீர்களா என்றான்.

இல்லை என்றேன்.
அவன் நம்பவில்லை.