நேரில் வரவும்

குறுஞ்செய்தியில் இரண்டே சொல்:
நேரில் வரவும்.
தேதி இருந்தது, மணி இருந்தது.
எத்தனையாவது மாடி என்பது இல்லை.

என் இடுப்பு நேரில்லை. அது
பேசின் பிரிட்ஜ் பக்கம் தண்டவாளம் பிரிகிற மாதிரி
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கும்.
பெயர் அமுதவல்லி. வயது நாற்பத்து நாலு.
வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி.

"நல்ல புடவை கட்டாதே" என்றாள் எதிர்வீட்டு ரெஜினா.
"தலையைப் படிய வாராதே.
டாக்டர் எதிர்ல சிரிச்சிடாதே,
சிரிச்சா அஞ்சு பர்சென்ட் போயிடும்."
அரை முழம் மல்லி மட்டும் வைத்துக்கொண்டேன்.
அதற்கு எவ்வளவு போகும் என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது.
இன்னும் கிடைக்காத பணத்தில் முதல் செலவு.

லிஃப்ட் வாசலில் நாற்காலியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.
இருபத்தாறு படி.
"மேல வந்துட்டீங்களே" என்றார் சீட்டு எழுதுகிறவர்.
பாராட்டா, பிடிபட்ட திருடியைப் பார்த்த பேச்சா?

அறையில் வெள்ளைத் தரைக்கல் பதினொன்று.
அந்தச் சுவர் வரை நடங்க, என்றார் டாக்டர்.
வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்கு
ஒரு மணி நேரம் யோசிக்கிற இந்த உடம்பு
அன்றைக்குப் பார்த்து நடந்தது,
விருந்தாளி வந்ததும் சமர்த்தாகிவிடும் பிள்ளை மாதிரி.
கொஞ்சம் தடுமாறேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.
நாலு பேர் பார்க்கிறார்கள், அதற்கும் ரோஷம்.
முப்பத்தெட்டு என்று எழுதினார்.
நாற்பதுக்கு இரண்டு குறைவு.
ஒன்பதாவது கல்லோடு நின்றிருக்க வேண்டும் நான்.

மேல்முறையீடு வீடியோவில் நடந்தது.
அலைச்சல் மிச்சம் பாருங்க, என்றது ஒரு பெண் குரல்.
அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தேன்.
அதில் தெரிந்தவள் மார்பு வரைக்கும்தான் இருந்தாள்,
அவளுக்கு ஒரு குறையும் இல்லை.
எனக்கே கொஞ்சம் பொறாமை.
"கையைத் தூக்குங்க." தூக்கினேன்.
கையில் எனக்கு எந்தக் காலத்திலும் ஒன்றுமில்லை.
"காலு சார்" என்றேன்.
அப்படியே உறைந்துபோனார்.
நெட்வொர்க்கா அவரா, இன்றுவரை தெரியாது.

சரி, இரண்டும் வேண்டாம், காகிதம் போதும்
என்று சொல்லத்தான் நினைத்தேன்.
ஆனால் அன்று வரிசையில் என் பின்னால் ஜபருல்லா,
முதுகில் பத்தொன்பது வயது மகன். பேச்சு வராது.
வீடியோவில் இரண்டு முறை "மாற்றமில்லை" என்று எழுதப்பட்டவனை
ஒரு சின்ன டாக்டரம்மா புரட்டிப் படுக்க வைத்தார்.
தண்டுவடத்தின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்.
தகப்பன் சொல்லியும் திரைக்குள் போகாத புண்.
அவர் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.
கையுறை மாட்டிக்கொண்டு
"எத்தனை நாளா வலிக்குது?" என்று பையனிடம் கேட்டார்,
தகப்பனிடம் அல்ல.
பையன் ஒரு விரலால் கட்டிலைத் தட்டினான்,
தட்டிக்கொண்டே இருந்தான்.
அவர் எண்ணிக்கொண்டே நின்றார்.

அதனால் நேரில்தான். ஒப்புக்கொள்கிறேன்.
யாருடைய நேரில் என்பதுதான் கேள்வி.

நீங்க வாங்க.
சொல்லாமல் வாங்க, விடியற்காலை நாலே முக்காலுக்கு,
கீழே குழாயில் தண்ணீர் வருகிற நேரம்.
ஐம்பத்து நாலு படி.
அரைக் குடத்தை ஒரு படி மேலே வைப்பேன், நான் ஏறுவேன்,
குடத்தை வைப்பேன், நான் ஏறுவேன்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில் கொஞ்சம் உட்காருவேன்.
அந்தச் சுவரில் என் இடது தோள் பட்டுப் பட்டுச்
சுண்ணாம்பு போய்விட்டது.
தடவிப் பாருங்க, வழவழவென்றிருக்கும்.
அதை அளக்க ஏதாவது கருவி இருந்தால்
மறக்காமல் எடுத்து வாங்க.

காபி போட்டுத் தருகிறேன்.
தண்ணீர் மேலே வந்து சேரட்டும்.