எதிரிடை அனுபவ பாத்தியம்

காலை பத்தேகால். பள்ளத்தூர்.
நான் கோர்ட் அமீனா. கையில் டெலிவரி வாரண்ட்,
பின்னால் ரெண்டு போலீஸ், ஒரு பூட்டுக்காரர்,
காரை விட்டு இறங்காத அடைக்கப்பன்.
இருபத்தேழு புள்ளியில் அவர் ஒரு புள்ளி.
மீதி இருபத்தாறும்
பினாங்கிலிருந்தும் பெசன்ட் நகரிலிருந்தும்
பவர் பத்திரத்தில் கையெழுத்தாக வந்திருந்தார்கள்.

முத்திருளாயி கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.
பூட்டுக்காரருக்கு வேலையில்லை.
கூலி மட்டும் முந்நூறு, மனுதாரர் செலவு.

கட்டுகளைச் சுமந்து சுமந்து
வழக்குகள் எனக்குப் பாதி மனப்பாடம்.
பதினாறு வருஷம் இரண்டாம் கட்டில் வாசம்.
வரி ரசீது அவள் பேரில், கரண்டு ரசீது அவள் பேரில்,
ரேஷன் கார்டில் அந்தக் கதவிலக்கம்.
பன்னிரண்டு போதும் என்கிறது சட்டம்.
ஆனால் சும்மா இருந்தால் ஆகாது.
பகிரங்கமாக இருக்க வேண்டும்,
இடைவிடாமல் இருக்க வேண்டும்,
உடையவருக்கு
விரோதமாக இருக்க வேண்டும்.

வக்கீல் சொல்லிக்கொடுத்தாராம்,
டீக்கடை பெஞ்சில் வைத்து, மூன்று முறை:
"விட்டுட்டுப் போனாங்கன்னு வாயத் திறக்காத.
நானாத்தான் புகுந்தேன்னு சொல்லு.
வரட்டும், ஒரு கை பாக்கலாம்னு
இருந்தேன்னு சொல்லு."
நன்றாகத்தான் தலையாட்டியிருக்கிறாள்.

குறுக்கு விசாரணை, நாலாம் பக்கம்.
சாவியைக் கொடுத்தது யார்?
"பெரியவுக. பாத்துக்க ஆத்தான்னு குடுத்தாக."
அவர்கள் மேல் உமக்கு விரோதம் உண்டா?
"எதுக்குங்க விரோதம்,
வவ்வா எச்சத்த அள்ளுறதுக்கா?"
டைப்பிஸ்ட் வவ்வாலை விட்டுவிட்டார்.
விரோதம் இல்லை என்பது மட்டும்
சாட்சியத்தில் நிற்கிறது.

பன்னிரண்டு வருஷம் மல்லுக்கட்டியிருந்தால் வீடு.
பதினாறு வருஷம் பெருக்கியதற்குப் பெயர்
அனுமதி.

சாமான் பட்டியல் எழுதினேன்.
கட்டில் ஒன்று. கேஸ் அடுப்பு ஒன்று.
தையல் மிஷின், பெடல் உடைந்தது.
பிளாஸ்டிக் குடம் நாலு. பித்தளை அண்டா ஒன்று.
கோழிகள், எண்ண விடவில்லை.
மருமகன் எல்லாவற்றையும் குட்டியானையில் ஏற்றினான்,
யாரையும் பார்க்காமல்.

அடைக்கப்பன் வளவுக்குள் வந்தார்.
செருப்பைக் கழற்றுவதா என்று யோசித்தார்.
சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவினார்.
அவள்தான் போட்டுவிட்டாள்.
"மழை பெஞ்சா வடக்க மூணாந் தூண்கிட்ட ஒழுகும்.
ஓடு மாத்துற மட்டும் ஏனம் வைக்கணும்.
மாடிக் கதவ அமுக்கித் தூக்கித் தெறங்க,
இழுத்தா கீல் வந்துரும்."
அவர் போனில் குறித்துக்கொண்டார்.
மூணாவதா, நாலாவதா என்று
இன்னொரு தரம் கேட்டுக்கொண்டார்.

என் அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
ஒப்படைப்பின்போது எதிர்ப்பு.
இல்லை என்று எழுதினேன்.
வேறென்ன எழுத?

குட்டியானை முக்கு திரும்பிவிட்டது.
பூட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு சுற்று வந்தேன்,
அது விதி.
மூணாந் தூணடியில்
வாய் மேலாக உட்கார்ந்திருந்தது
பித்தளை அண்டா,
புளி போட்டுத் துலக்கிய ஈரம் காயாமல்.

எடுத்துச் சென்ற சாமான்களில்
அதை அடித்தேன்.
அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில்
சுருக்கொப்பம் வேண்டும்.
போட்டேன்.